வகுப்பு முடிந்த பிறகு: கல்லூரி மன்றங்களில் சேர்வது முதல் பொறுப்பை ஒப்படைப்பது வரை

பிற்பகல் 1.30 மணிக்கு எங்கள் கல்லூரியில் முதல் ஷிப்ட் முடியும். 1.40-க்கு எங்கள் ஊர் டவுன் பஸ் வாசலில் வந்து நிற்கும். அதை விட்டால் அடுத்தது 3.50. முதல் நான்கு மாதங்கள் நான் என்ன படித்தேன், யாரோடு பழகினேன் என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்த 1.40 பஸ்தான். ஒருநாள் அதைத் தவறவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கக் கலையரங்கத்துக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு பேராசிரியர் தனியாளாக நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "தம்பி, சும்மாதானே நிற்கிறாய்? அந்தக் கடைசி வரிசையைப் பிடி" என்றார். மறுநாள் நடக்கவிருந்த ரத்த தான முகாமுக்கான வேலை அது. அன்று 3.50 பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பிற்பாடு ஆசிரியராகி, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் சில ஆண்டுகள் இருந்தேன். சேர வந்த மாணவனாகவும் சேர்த்துக்கொண்ட அலுவலராகவும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ முதலாண்டில் இருப்பவர்களுக்கானது இது. நுழைவாயில் வளைவில் மின்விளக்கு எரியும் பெரிய வளாகங்களைவிட, மாவட்டத் தலைநகரங்களிலும் வட்டத் தலைநகரங்களிலும் இருக்கும் கல்லூரிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் பஸ் நேரத்தை எழுதுங்கள்

எந்த மன்றம் நல்லது என்று விசாரிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து வாரத்தின் ஏழு நாளையும் எழுதுங்கள். வகுப்பு நேரம், ஆய்வக நாள், ரெக்கார்டு எழுதும் நேரம், பஸ் நேரம், பகுதிநேர வேலை இருந்தால் அது, வீட்டில் மாடு கறப்பது உங்கள் வேலை என்றால் அதையும் எழுதுங்கள். விடுதியில் இருந்தால் கதவு அடைக்கும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டாம் ஷிப்ட் மாணவர்களுக்குக் காலை நேரம் கையில் இருக்கும். ஆனால் அவர்கள் ஊர் திரும்பும்போது கடைசி பஸ்தான் மிஞ்சியிருக்கும்.

இதெல்லாம் போக மிஞ்சுவது பெரும்பாலானவர்களுக்கு வாரம் நான்கைந்து மணி நேரம். அதுதான் உங்கள் முதலீடு. ஆர்வம் இருந்தும் பாதியில் விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை வைக்கும் நாடகக் குழுவில், 4.15 பஸ்ஸை நம்பியிருக்கும் ஒருவர் மூன்று வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். அது அவர் குற்றமில்லை. அவருக்கு ஞாயிறு காலையில் கூடும் ஒன்றுதான் சரிப்படும்.

என்னென்ன இருக்கின்றன

நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., அநேகமாக எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அந்த நாளையே ஆண்டுதோறும் என்.எஸ்.எஸ். நாளாகக் கொண்டாடுகிறார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையில் இருப்பது கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம். ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. கூடவே தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டையும் முடித்தால்தான் முழுச் சான்றிதழ். 120 மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். வாரம் மூன்று மணி நேரம் வந்தாலே கணக்கு நேராகிவிடும்.

தேசிய மாணவர் படை வேறு ரகம். 1948-இல் சட்டம் இயற்றித் தொடங்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, வான்படை என்று பிரிவுகள் உண்டு. உங்கள் கல்லூரியில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். இதில் சேரும் வாய்ப்பு முதலாண்டின் தொடக்கத்திலேயே வந்துபோய்விடும். 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கதவு அடைபட்டிருக்கும். அணிவகுப்புக்குத் தவறாமல் வந்து, முகாம்களை முடித்து, 'பி' சான்றிதழ், பிறகு 'சி' சான்றிதழ் தேர்வு எழுதலாம். ராணுவ அதிகாரியாகும் எண்ணம் இருந்தால் 'சி' சான்றிதழுக்குத் தனி மதிப்பு உண்டு. அதில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், தரைப்படையின் என்.சி.சி. சிறப்பு நுழைவுத் திட்டத்தில் எழுத்துத் தேர்வு இல்லாமல், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்காணலுக்குப் போக முடியும். ஆனால் காலை ஆறு மணிக்குப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு மைதானத்தில் நிற்கப் பிடிக்காதவர்கள் தயவுசெய்து சேராதீர்கள். ஓர் இடம் வீணாகிறது.

இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம், குடிமக்கள் நுகர்வோர் மன்றம், ரோட்டரி சங்கத்தின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் ஆகியவை பொறுப்பாசிரியரைப் பொறுத்தவை. ஒரே பெயரில் ஒரு கல்லூரியில் துடிப்பாகவும் இன்னொன்றில் பலகையில் மட்டுமாகவும் இருக்கும். துறை மன்றம் உங்கள் பாடத்தோடு ஒட்டியது. சிம்போசியம் நடத்துவது அதன் ஆண்டு விழா. தமிழ் மன்றம், முத்தமிழ் மன்றம் என்று ஏதோ ஒரு பெயரில் மேடைப் பேச்சுக்கும் கவியரங்கத்துக்கும் ஓர் இடம் இருக்கும்.

விளையாட்டு பற்றி ஒரே ஒரு குறிப்பு. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போனவர்கள் அந்தச் சான்றிதழைப் 'படிவம் 3' என்ற வடிவத்தில் முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பது அதைத்தான். கோப்பையோடு எடுத்த புகைப்படம் அங்கே செல்லாது.

தமிழ்நாட்டின் பல கலை அறிவியல் கல்லூரிகளில் பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதியாக 'விரிவாக்கப் பணி' இருக்கிறது. அதற்கு ஒரு கிரெடிட். ஆக, ஏதோ ஒன்றில் உங்கள் பெயர் எப்படியும் ஏறத்தான் போகிறது. அலுவலகத்தில் யாரோ எழுதிய பட்டியலில் ஏறுவதைவிட நீங்களே தேர்ந்தெடுத்துப் போவது நல்லது.

ஒன்றை மட்டும் பிடியுங்கள்

முதலாண்டில் ஆறு மன்றங்களில் பெயர் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவர்களை எதிலும் பார்த்ததில்லை. ஒன்றில் முழுதாக இருங்கள். மாதம் ஒருமுறை தலைகாட்டினால் போதும் என்கிற மாதிரி இன்னொன்று இருந்தால் சரி. எதை என்று தெரியாவிட்டால் கூட்டம் முடிந்த பிறகு அங்கே போய் நின்று பாருங்கள். மூத்த மாணவர்கள் தாங்களே மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தால் சேரலாம். முதலாண்டு மாணவர்களை ஏவிவிட்டுத் தங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

இந்த இடத்தில் ராகிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'மன்றத்தில் சேர வேண்டுமானால் இதைச் செய்து காட்டு' என்று யாராவது அவமானப்படுத்தினால் அதற்குப் பெயர் அறிமுகம் அல்ல. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2009-இல் வந்தன. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

சேரப் போகும் நாள்

பொறுப்பாசிரியரை வகுப்புக்கு ஓடும்போது வழிமறிக்காதீர்கள். அவருடைய ஓய்வுப் பாடவேளையைத் துறை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுப் போங்கள். 'சேர ஆசையாக இருக்கிறது ஐயா' என்று மட்டும் சொன்னால் அவர் ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார். 'செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி முதல் மூன்றரை வரை என்னால் இருக்க முடியும், ஐயா. கையெழுத்து நன்றாக இருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் அப்படி வந்து சொன்ன ஒரு மாணவியை அன்றே பதிவேடு எழுத உட்காரவைத்தேன். இரண்டாம் ஆண்டில் அவர்தான் மாணவர் தலைவர். பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு, ரத்த வகை, ஆதார் நகல், வீட்டில் ஒருவர் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் முறை அலைய வேண்டாம்.

முதல் மூன்று மாதம் மேடைக்குப் பின்னால் இருங்கள். தேநீர் எத்தனை டம்ளர், சிறப்பு விருந்தினர் எந்த வழியாக வருகிறார், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் சாவி யாரிடம் என்பதெல்லாம் மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. வரவேற்புரை சொல்ல எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். வாட்ச்மேனிடம் பேசிக் கலையரங்கச் சாவியை வாங்கிவரத் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். ஆசிரியர்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு யாரைத் தேடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கடிதம் மூன்று முறை திரும்பிய கதை

மன்ற வேலையில் பாதி கடிதம் எழுதுவது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு வினாடி வினாப் போட்டிக்குக் கலையரங்கம் கேட்டு முதல்வருக்கு நான் எழுதிய கடிதம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை தேதி இல்லை. இரண்டாம் முறை, துறைத் தலைவர் வழியாக வரவில்லை என்று அலுவலகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் முறை முதல்வரே கூப்பிட்டார். "கலையரங்கம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? மைக் வேண்டுமா? பூட்டுவது யார்?" நான் விழித்தேன். கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நான்காவது கடிதம் இப்படி இருந்தது. அனுப்புநர், பெறுநர். 'வழி: துறைத் தலைவர், இயற்பியல் துறை' என்று ஒரு வரி. பொருள்: வினாடி வினாப் போட்டி நடத்தக் கலையரங்கம் கோருதல், தொடர்பாக. பிறகு நான்கே வாக்கியம். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை மாணவர்கள். உடன் இருக்கும் ஆசிரியர் யார். கல்லூரியிடமிருந்து தேவைப்படுபவை: அரங்கம், ஒலிபெருக்கி, இரண்டு மேசை. முடிந்ததும் சுத்தம் செய்து சாவியை ஒப்படைக்கும் மாணவர் பெயர். கீழே பங்கேற்பாளர் பட்டியல், பதிவெண்ணோடு. கையெழுத்தாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கையெழுத்தான கடிதத்தை உடனே இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்கள் கோப்புக்கு. இன்னொன்று கலையரங்க ஊழியருக்கு. முதல்வர் அனுமதித்தது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் அன்று காலை பூட்டிய கதவின் முன்னால் நிற்பீர்கள்.

வருகைப்பதிவும் ஓ.டி.யும்

தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது பொது விதி. பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் வராமல் இருக்கக்கூடியது 22 நாள். காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மன்ற வேலையாகப் போன நாளுக்கு 'ஆன் டியூட்டி' கொடுப்பார்கள், எல்லோரும் ஓ.டி. என்றே சொல்வார்கள். ஆனால் அது தானாக ஏறாது. நிகழ்ச்சிக்கு முன்பே படிவத்தில் பொறுப்பாசிரியர் கையெழுத்து, பிறகு துறைத் தலைவர் கையெழுத்து, கடைசியில் வகுப்பு ஆசிரியரின் பதிவேட்டில் நீங்களே நின்று பார்த்து ஏற்ற வேண்டும். பருவ முடிவில் பட்டியல் ஒட்டிய பிறகு பழைய ஓ.டி. தாளோடு வந்து நின்றவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. பாதிப் பேருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அகமதிப்பீட்டுத் தேர்வு நாளில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓ.டி. வருகையைக் காப்பாற்றும், மதிப்பெண்ணைக் காப்பாற்றாது. அரியர் வைத்துக்கொண்டு மன்றத் தலைவராக இருப்பவரை ஆசிரியர் அறையில் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு மன்றத்தின் மேலும் விழும்.

மேடை ஏறுவதாக இருந்தால்

பேச்சுப் போட்டியில் முப்பது பேர் பேசினால் இருபது பேர் ஒரே குறளில் தொடங்குகிறார்கள். பத்துப் பேர் 'அவையோர் அனைவருக்கும் என் அன்பு கலந்த வணக்கத்தை' என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் நிமிடம் தீர்ந்திருக்கும். நடுவராக உட்கார்ந்த நாள்களில் அந்த நேரத்தில் நான் பங்கேற்பாளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை தண்ணீர் பற்றிய தலைப்பில் ஒரு பெண், தன் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்கு வருவதைச் சொல்லித் தொடங்கினார். அந்தக் குடத்தின் நிறம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு இரண்டு கருத்து போதும். மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் வரிகளை அல்ல; எந்த இடத்துக்குப் பிறகு எந்த இடம் என்கிற வரிசையை. வரியை மறந்தால் நின்றுவிடுவீர்கள்; வரிசை நினைவிருந்தால் வேறு வார்த்தை வந்து கைகொடுக்கும்.

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்துகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தவை 7,000, 5,000. சுற்றறிக்கை முதல்வர் அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து தமிழ்த் துறைக்குப் போகும். பொறியியல் கல்லூரிகளில் அது பல சமயம் ஏதோ ஒரு கோப்பில் தங்கிவிடுகிறது. போய்க் கேளுங்கள்.

முகாம்: ஏழு நாள்

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். மூன்று ஆண்டுக் கல்லூரி வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள்.

என்.எஸ்.எஸ். தொண்டர்களை அலகுகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அலகில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் இருந்தால் அதில் ஐம்பது பேர் சிறப்பு முகாமுக்குப் போவார்கள். தங்குவது அநேகமாக ஊராட்சிப் பள்ளியில். பெண்களுக்குத் தனிக் கட்டடம், உடன் ஆசிரியை. தட்டு, டம்ளர், போர்வை, டார்ச், துண்டு, பழைய சட்டை, இரண்டு ஜோடிச் செருப்பு, தினம் போடும் மாத்திரை இருந்தால் எட்டு நாளைக்கு. விலை கூடிய கைப்பேசியை வீட்டில் வைத்துவிடுங்கள். ஐம்பது பேருக்குச் சார்ஜ் போட இரண்டு சுவர் முனைதான் இருக்கும்.

எங்கள் முதல் முகாமில் மதியச் சாப்பாட்டுக்கு எட்டுக் கிலோ அரிசி என்று கணக்குப் போட்டோம். காலை முழுவதும் வாய்க்கால் தூர்வாரியவர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிப் பந்தியில் பரிமாறியவர்களுக்குச் சோறு இல்லை. சமையல்காரர் முகத்தைச் சுளிக்காமல் ரவையைக் கொட்டிக் கிளறினார். மறுநாளிலிருந்து பத்துக் கிலோ. பரிமாறுபவர்கள் முதலில் சாப்பிடுவதா கடைசியிலா என்ற விவாதம் இரவு பதினொரு மணி வரை நடந்தது. இதுவரை நான் கேட்ட பட்டிமன்றங்களில் அதுதான் உருப்படியானது.

மூன்றாம் நாள் வீடுவீடாகக் கணக்கெடுப்பு. கையில் படிவத்தோடு ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 'வீட்டில் கழிப்பறை இருக்கிறதா?' என்று நேராகக் கேட்டேன். "கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிறதா என்று உன் தாளில் கேள்வி இருக்கிறதா, பார்" என்றார். இல்லை. ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டுச் சேர்த்துக்கொண்டோம். அன்று மாலைக்குள் தெருவில் பாதி வீட்டில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தோம். கணக்கெடுப்புக்குப் போகும்போது படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு முதல் ஐந்து நிமிடம் சும்மா பேசுங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறீர்கள், எந்தத் தெருவைத் தவிர்க்கிறீர்கள் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

மண்வெட்டி பிடித்துப் பழகாத கையில் இரண்டாம் நாளே கொப்புளம் வரும். அதை உடைக்காதீர்கள், துணி சுற்றிக்கொண்டு பதிவேடு எழுதும் வேலைக்கு மாறிவிடுங்கள். மாலைக் கலைநிகழ்ச்சியில் குடிப்பழக்கத்தைப் பற்றி ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கும் நாடகத்தை நானே இரண்டு முறை இயக்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளை மேடையேற்றிப் பாடவிட்ட இரவில்தான் கூட்டம் நிறைந்தது.

ரத்த தான முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஒருமுறை கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். வரிசையில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பாமல் முன்கூட்டியே பிறந்த தேதியைப் பாருங்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் வருபவர்தான் மயங்கி விழுவார், அவரைப் பார்த்துப் பின்னால் நிற்கும் நான்கு பேரும் நழுவுவார்கள். நுழைவிடத்திலேயே 'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்க ஒருவரை நிறுத்துங்கள். இட்லிச் செலவு வீண் செலவல்ல.

பணம்

மன்றங்கள் உடைவது கொள்கையால் அல்ல. நானூறு ரூபாய்க் கணக்கால். வசூலித்த பணம் ஒருவர் சொந்த வங்கிக் கணக்கில் விழுந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மூன்றாம் மாதம் முணுமுணுப்பு தொடங்கும். இரண்டு பேர் பொறுப்பு, ஒரு நோட்டு, அன்றன்று இரவே எழுதுவது. வேறு வழி கிடையாது. பதாகை, கேடயம், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் வண்டிச் செலவு, தேநீர், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் ரசீது. வடை வாங்கிய கடையில் ரசீது தரமாட்டார்கள். வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள் கணக்கைப் பலகையில் ஒட்டிவிடுங்கள். நான் பொருளாளராக இருந்த ஆண்டில் கைக்காசு 1,140 ரூபாய் போட்டேன். எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. நோட்டு எழுதாததுதான் காரணம்.

பெரிய விழாக்களுக்குப் போவது

சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங், திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர், கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா போன்றவற்றுக்கு வெளிக்கல்லூரி மாணவர்களும் போகலாம். சிறு ஊர்க் கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு முதல் மணி நேரம் ஒரு தயக்கம் இருக்கும். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவதாகத் தோன்றும். போட்டியில் பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பதிவு மேசையில் எப்படி வரிசை கட்டுகிறார்கள், நேர அட்டவணை குலைந்தால் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வாருங்கள். கல்லூரி அடையாள அட்டையும் போனஃபைடு சான்றிதழும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இணையத்தில் முன்பதிவு செய்தாயிற்றா, தங்க இடம் உண்டா என்பதைப் பெட்டி கட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேர்தல்

எல்லாக் கல்லூரிகளிலும் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. பல இடங்களில் நியமனம்தான். 1965-இல் தெருவுக்கு வந்து மாநில அரசியலையே திசைதிருப்பிய மாணவர்களின் மண்ணில் இது ஒரு வேடிக்கை. உங்கள் கல்லூரியில் தேர்தல் உண்டு என்றால் மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளைப் படித்துவிடுங்கள். 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னவை அவை. இளநிலை மாணவர்களுக்கு வயது 17 முதல் 22, வருகை 75 சதவீதம், போட்டியிடும் ஆண்டில் அரியர் கூடாது, செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நிர்வாகி பதவிக்கு ஒரே முறைதான் போட்டியிடலாம். ஆகவே முதலாண்டிலேயே அவசரப்பட்டு அந்த வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது

'படிக்க அனுப்பினால் ஊர் சுற்றுகிறாயா?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். மாணவிகளின் வீட்டில் இன்னும் கொஞ்சம் உரக்க வரும். பொய் சொல்லிவிட்டுப் போவது ஒருமுறை பலிக்கும். தெரிந்துவிட்டால் மூன்று ஆண்டுக்கும் கதவு அடைபடும், சில வீடுகளில் படிப்பே நின்றுவிடும். அதனால் பொறுப்பாசிரியையின் தொலைபேசி எண், போய்த் திரும்பும் நேரம், உடன் வரும் இரண்டு பேரின் பெயர் எழுதிய அனுமதிக் கடிதத்தை முதலிலேயே வீட்டில் கொடுங்கள். முடிந்தால் ஒரு நிகழ்ச்சிக்கு அம்மாவை அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். நான் அலுவலராக இருந்தபோது முகாமின் ஏழாம் நாளைப் பெற்றோர் நாளாக வைத்தோம். அடுத்த ஆண்டு பெண்கள் பட்டியல் இரட்டிப்பானது.

நீங்கள் தேடுவது கல்லூரியில் இல்லை என்றால்

தொடங்குங்கள். ஐந்து பேர், ஓர் ஆசிரியர், வாரத்தில் மாறாத ஒரு நாள், மாறாத ஓர் இடம். பெயர், சின்னம், தொடக்க விழா எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். தொடக்க விழாவோடு முடிந்துபோன மன்றங்களின் பலகைகள் எங்கள் கல்லூரிப் படிக்கட்டின் கீழ் ஒரு குவியலாகக் கிடந்தன.

செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கிவருகிறது. உங்கள் ஊர் ஏரி, சந்தை, பழைய பள்ளிக்கூடம் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இல்லை என்றால் நூலகத்தில் மாவட்டக் குறிப்பேட்டை (கெஜட்டியர்) தேடி, ஆதாரத்தோடு எழுதுங்கள்; படம் எடுத்து ஏற்றுங்கள். முதல் கட்டுரையை யாராவது திருத்துவார்கள், சில வேளை நீக்கவும் செய்வார்கள். பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

இறுதி ஆண்டில் ஒரு நோட்டு

கடைசிப் பருவத்தில் பொறுப்பைக் கைமாற்றிவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் 'இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுவது கைமாற்றுவது ஆகாது. இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரைக் கூடவே வைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சியை அவர்களையே நடத்தவிடுங்கள். நீங்கள் நாற்காலி போடுங்கள். செய்த பணியின் மணிக்கணக்கைப் பதிவேட்டில் சரிபார்த்துச் சான்றிதழில் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு திருத்த ஓடுவது பெரும்பாடு.

பிறகு அந்த நோட்டு. ஒலிபெருக்கிக்காரர், பந்தல்காரர், சமையல்காரர், பதாகை அச்சிடுபவர், வேன் ஓட்டுநர் ஆகியோரின் எண்கள், சென்ற முறை கொடுத்த தொகை, யாரிடம் முன்பணம் நிற்கிறது, கலையரங்கத்தில் எந்த மின்முனை வேலை செய்யாது என்பது வரை எழுதுங்கள். எங்கள் நோட்டு நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. அட்டை கிழிந்து, பைண்டிங் நூல் தொங்கி, மூன்று பேர் கையெழுத்தில் இருந்தது. நான் கொடுத்துவிட்டு வந்தபோது நான்காவது கையெழுத்து. கொடுப்பதற்கு முந்தைய நாள் எல்லா எண்ணுக்கும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கிக்காரர் எண்ணை மாற்றியிருப்பார்.